சந்தனத்துக்கு அடியில் பன்னிரண்டு

சாமான் பழுதுபார்க்கும் உக்குவளை அக்காவிடம் போய் "ஐசி போயிருச்சு அக்கா" என்று சொன்னால் காரியம் கெட்டது. "போனத யாரு பாத்தது?" என்பார். நாம் பார்க்கவில்லை என்பது நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அடுத்து, "அதுக்கு எத்தன வோல்ட் குடுக்குறீங்க? அதுகிட்ட எத்தன கேக்குறீங்க?" என்று ஒரே மூச்சில் இரண்டு கேள்வி வரும். இரண்டுக்கும் பதில் கிடைக்கும்வரை நம் சாமான் அவர் மேசையில் மூடியபடியே கிடக்கும். பாதிப்பேர் எரிச்சலில் தூக்கிக்கொண்டு மாத்தளை டவுனுக்குப் போய்விடுவார்கள். மீதிப்பேர் என்னைப் போல வாயை மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்போம்.

உக்குவளையில் ரயில் பாதையை ஒட்டிய வீடு. முன்னறைதான் பட்டறை. ரயில் வரும்போது மேசை குலுங்கும். அக்கா ஈயம் பற்றவைக்கும் கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைசிப் பெட்டி போகும்வரை அசையாமல் இருப்பார். அந்த நேரத்தில் நாம் பேசினால்கூடப் பதில் வராது. ரயில் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடருவார். ஐம்பது வயது இருக்கும். பட்டறை போடுவதற்கு முன் ஏதோ ஒரு தொழிற்சாலையில், செய்து வரும் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் மேசையில் பதினைந்து வருடம் இருந்தவர். அங்கே என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை. பின்னால் ஒருநாள் அவராகவே சொன்னார். அதற்கு வருகிறேன்.

அவருடைய கைப்பையில் சாவிக்கொத்து, சீப்பு, ஒரு மல்டிமீட்டர் மூன்றும் எப்போதும் இருக்கும். எங்கள் வீட்டில் மகளுக்குக் காது குத்திய அன்று விருந்துக்கு வந்திருந்தார். ரைஸ் குக்கரில் சோறு வேகத் தாமதம். "புதுசு வாங்குங்கன்னு சொன்னா இவர் கேக்குறாரா" என்று என் மனைவி எல்லார் முன்னாலும் என்னை இழுத்தாள். அக்கா பட்டுச்சேலையோடு எழுந்துபோய் மீட்டரை எடுத்துச் சுவர் பிளக்கில் வைத்தார். "எரநூத்தி முப்பது வரணும், நூத்தி எழுவதுதான் வருது. குக்கர் என்ன பண்ணும், பாவம்" என்றார். விருந்தாளிகள் சிரித்தார்கள். மின்சார சபைக்காரர்கள் வந்து கம்பத்தில் தளர்ந்திருந்த வயரை இறுக்கிவிட்டுப் போன பிறகு அதே குக்கர் இன்றுவரை வேலை செய்கிறது. என் மனைவிக்கு மட்டும் அதில் கொஞ்சம் வருத்தம்.

அவர் கையில் அதிகமாக வந்தது எட்டுக்கால் உள்ள ஒரு சின்னக் கறுப்பு ஐசி. மைக்கிலிருந்தோ சென்சரிலிருந்தோ வரும் மிகச் சின்ன வோல்ட்டைப் பெருக்கிக் கொடுக்கும் பெருக்கி அது. அக்கா அதைப் 'பிள்ளை' என்றுதான் சொல்வார். ஒரு கையைத் தலைக்கு மேலே கூரை போலவும் மற்றதை மடிக்கு மேலே தரை போலவும் விரித்துக் காட்டுவார். "இந்தப் பிள்ளைக்கு ரெண்டு கோடு இருக்கு. நீங்க குடுக்குற கரண்டுதான் ரெண்டு கோடும். அதுக்கு நடுவுலதான் அது பேசும், அதுக்கு நடுவுல வர்றததான் அது கேக்கும். வெளிய போய்ப் பேசச் சொன்னா முடியாது. முடியாததுக்கு அதப் போட்டு அடிக்கக் கூடாது."

இதை அவர் எனக்கென்று சொல்லவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் சொல்வார். பெரும்பாலானோர் தலையை ஆட்டிவிட்டு, "சரி அக்கா, எப்ப வந்து எடுக்கட்டும்?" என்பார்கள்.

பள்ளிவாசல் தண்ணீர்த் தாங்கிச் சங்கதி இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. தாங்கியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கீழேயிருந்து பார்க்க ஒரு முள் மீட்டர் வைத்திருந்தார்கள். அது கெட்டுப்போய் யாரோ ஐசி மாற்றிக் கொடுத்த பிறகு, தாங்கி பாதியாக இருந்தால் முள் பாதியில் நின்றது, கால்வாசி என்றால் காலில் நின்றது. சுத்தமாகத் தண்ணீர் தீர்ந்தால் மட்டும் முள் சடாரென்று பாய்ந்து 'நிறைந்தது' என்று காட்டியது. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூ எடுக்க வந்தவர்கள் குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. பழி முழுக்க, பாங்கு சொல்லி மோட்டரும் போடுகிற மோதினார் தலையில் விழுந்தது. மோட்டர் போட மறந்துவிட்டு மீட்டர்மேல் பொய் சொல்கிறாராம்.

அக்கா வழக்கம்போல் ஐசியின் ஒவ்வொரு காலாக வோல்ட் பார்த்தார். கூரை சரியாக இருந்தது, பன்னிரண்டு. தரை பூச்சியம். பிறகு ஐசியின் முதுகில் இருந்த எண்ணைப் பூதக்கண்ணாடியில் வாசித்தார். "கால் எட்டும் ஒரே மாதிரிதான். ஆனா இது வேற பிள்ளை. பழைய பிள்ளை தரையில கிடக்குறதயும் கேக்கும். இது தரைய ஒட்டி ஒண்ணு வந்தா குழம்பிப்போய் மேல கத்தும்" என்றார். தண்ணீர் தீரும்போது சென்சரிலிருந்து வருவது கிட்டத்தட்ட பூச்சியம். அங்கேதான் இந்த ஐசி குழம்பியது. பழைய எண்ணிலேயே ஒன்றைப் போட்டதும் முள் ஒழுங்காகப் பூச்சியத்தில் படுத்தது. மோதினார் அந்த மீட்டரைக் கையில் வாங்கி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். "மோதினார்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு பள்ளிவாசல்காரங்ககிட்ட சொல்லிவிடுங்க" என்று அக்கா என்னிடம் சொன்னார். நான் யார் இதையெல்லாம் போய்ச் சொல்ல? சொல்லவில்லை.

கோயில் மைக்கிலும் அப்படித்தான். தேவாரம் பாடுகிற பெண்ணுக்குத் தொண்டை கிழிகிறது, ஆளை மாற்ற வேண்டும் என்று பேச்சு நடந்தது. அக்கா பார்த்தபோது பெருக்கிக்கு மேல் பக்கம் பதினைந்து சரியாக வந்தது, கீழ்ப்பக்கம், பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து வரவேண்டிய இடத்தில் நாலுதான். அதற்கு முன் பார்த்தவர் மேல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று எழுதிக் கொடுத்திருந்தார். "பாதிக் குரலுக்கு இடமே இல்ல, அந்தப் புள்ள எப்படிப் பாடும்" என்றார் அக்கா.

இப்போது என் கதை. இதில் நான் நல்லவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யட்டவத்தப் பக்கம் எனக்கு ஒரு காயவைக்கும் கொட்டகை உண்டு. மிளகு, கராம்பு, சாதிக்காய், அதைச் சுற்றியிருக்கும் வசவாசி என்று பருவத்துக்கு வருவதை வாங்கிக் காயவைத்து அனுப்புகிறேன். கீழே விறகு அடுப்பு, மேலே தட்டுத் தட்டாகச் சரக்கு. சாதிக்காய்க்குச் சூடு நாற்பத்தைந்து டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உள்ளிருக்கும் கொழுப்பு உருகி எண்ணெய் கசியும். பிறகு அதை யாரும் தொடமாட்டார்கள். அடுப்பைப் பார்ப்பவர் பல்லேபொல சலீம் நானா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பதினொரு வருடமாக என்னோடு இருந்தார். கதவில் புறங்கையை வைத்துப் பார்த்தே விறகைத் தள்ளுவதா இழுப்பதா என்று சொல்லிவிடுவார்.

எனக்குத்தான் நவீனமாக வேண்டும் என்று ஆசை. அக்காவிடம் சொல்லி ஒரு பெட்டி செய்வித்தேன். உள்ளே தட்டுகளுக்கு நடுவில் ஒரு சென்சர். அது டிகிரிக்கு ஒரு வோல்ட்டில் நூறில் ஒரு பங்கு கொடுக்கும். பிள்ளை அதைப் பத்து மடங்காகப் பெருக்கும். நாற்பத்தைந்து டிகிரி என்றால் நாலரை வோல்ட். பெட்டியின் முகத்தில் இருந்தது உண்மையில் ஒரு சின்ன வோல்ட் மீட்டர்தான். நடுவில் உள்ள புள்ளியை அக்கா கறுப்பு மையால் மறைத்திருந்தார், நமக்கு 45 என்று தெரியும். நாற்பத்தைந்தைத் தொட்டால் மணி அடிக்கும். பெட்டியை மாட்டிய அன்று நான் நானாவிடம், "இனிமே கைய நம்பாதீங்க நானா, மீட்டரப் பாருங்க" என்று பெருமையாகச் சொன்னேன். அவரும் அதன்படியே செய்தார்.

இரண்டு பருவம் ஒரு குறையும் இல்லை. அடுத்த சாதிக்காய்ப் பருவத்தில் ஒருநாள் மத்தியானம் கொட்டகைக்குப் போனால் வாசலிலேயே வாடை. தட்டுகளில் சாதிக்காய் எண்ணெயில் மினுங்கியது. வசவாசி கருகிக் கையில் நொறுங்கியது. நானா அடுப்புப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"தூங்கிட்டீங்க" என்றேன்.

"அல்லாஹ்வுக்காக நம்புங்க தம்பி, நான் கண்ண மூடல்ல. மீட்டர்ல முப்பத்தாறுதான் இருந்திச்சி. மணி அடிக்கல்ல. ஏறல்லன்னுதான் இன்னும் வெறகு போட்டேன்."

"முப்பத்தாறுல சாதிக்காய் உருகுமா நானா? வாய்க்கு வந்தத சொல்லாதீங்க."

"கதவு கைக்குச் சூடாத்தான் இருந்திச்சி. நீங்கதான் மீட்டரப் பாக்கச் சொன்னீங்க."

இந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை எகிற வைத்தது. எனக்குக் கோபம் வந்தால் காது கேட்காது. பதினொரு வருடத்தையும் மறந்து கூலிக்காரர்கள் முன்னால் கண்டபடி பேசினேன். கடைசியில், "நாளைக்கு வர வேணாம்" என்றேன். நானா தோளில் இருந்த துண்டை உதறி மடித்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தம்புள்ளையில் மரக்கறி மூட்டை தூக்கும் வேலைக்கு வெள்ளிக்கிழமை பஸ் ஏறப் போகிறார் என்று இரண்டு நாளில் காதுக்கு வந்தது. ஐம்பத்தாறு வயதில், அந்த இடுப்பு வலியோடு.

கேள்விப்பட்ட அன்று வியாழக்கிழமை. பெட்டியைக் கழற்றி அடாப்டரோடு ஒரு பையில் போட்டு அக்காவிடம் கொண்டுபோனேன். பழுதுபார்க்க அல்ல. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர் வாயால் கேட்க வேண்டும். கேட்டால் மனதுக்குள் உறுத்திக்கொண்டிருப்பது அடங்கும் என்று நினைத்தேன்.

"பொட்டி நல்லாத்தான் இருக்கு அக்கா. லைட் எரியுது, நம்பர் காட்டுது. அவர்தான் தூங்கிட்டாரு" என்றேன்.

"தூங்குனத யாரு பாத்தது?"

நான் அடாப்டரை எடுத்து மேசையில் வைத்தேன்.

"எத்தன வோல்ட் குடுக்குறீங்க?"

"நீங்க குடுத்த அடாப்டர் இடி விழுந்து போயிருச்சு. வேற போட்டுட்டேன். பின் சரியா இருந்திச்சு, லைட்டும் வந்திச்சு."

அக்கா நான் கொண்டுபோனதைக் கையில் எடுத்துப் பார்த்தார். போன் சார்ஜர். அதன் வயரின் நுனியில் பெட்டிக்குப் பொருந்துகிற உருண்டைப் பின். உள்ளே போய் ஒரு கிளாஸ் கொதிக்கக் கொதிக்கப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தார். எனக்குத்தான் என்று கையை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார். சென்சரைப் பிளாஸ்டிக் சொப்பிங் பைத் துண்டில் சுற்றி டீக்குள் விட்டார். பக்கத்தில் கண்ணாடித் தெர்மோமீட்டர் ஒன்றையும் வைத்தார்.

பெட்டியில் எண் ஏறியது. இருபத்தெட்டு. முப்பத்தொன்று. முப்பத்தைந்து. முப்பத்தாறு. அங்கே நின்றது. தெர்மோமீட்டர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. பெட்டி முப்பத்தாறிலேயே இருந்தது. டீ ஆவி விட்டுக்கொண்டிருந்தது, மணி அடிக்கவில்லை.

அக்கா மீட்டரின் முனைகளை ஐசியின் காலில் வைத்துக் காட்டினார். "அஞ்சு. நீங்க குடுக்குறது அஞ்சுதான். இந்தப் பிள்ளைக்குத் தலைக்கு மேல ஒன்றரை கிட்ட காலியா வேணும். அப்ப எத்தனைக்கு மேல ஏறாது?"

மூன்றரை. கொஞ்சம் கூட. மூன்று புள்ளி ஆறு. முப்பத்தாறு.

நாலரையைத் தொட்டால்தான் மணி அடிக்கும். அதற்கு வழியே இல்லை. கொட்டகைக்குள் அறுபது எழுபது என்று சூடு ஏறியிருக்கும்போதும் நானாவின் கண்ணுக்கு முன்னால் முப்பத்தாறு என்றுதான் எரிந்திருக்கிறது. அவர் கண் மூடவில்லை. பார்த்ததை அப்படியே சொல்லியிருக்கிறார்.

எனக்கு முதலில் வந்தது வெட்கம் அல்ல, நிம்மதி. உண்மையைச் சொல்கிறேன், நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. பதினொரு வருடம் நம்பிய மனுசன் பொய் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்காததற்குக் காரணம் கருகிய சரக்கு இல்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வெட்கம் அதற்குப் பின்னால் மெதுவாக வந்து உட்கார்ந்தது.

"நீங்க எழுதி ஒட்டியிருக்கலாமே அக்கா" என்று கேட்டேன். யார் தலையிலாவது கொஞ்சம் பழியை இறக்கிவைக்காமல் எனக்கு இருக்க முடியாது.

அக்கா பெட்டியைத் திருப்பினார். பின் செருகும் ஓட்டைக்குப் பக்கத்தில், நான் ஆயுத பூசையன்று அப்பிய சந்தனம் காய்ந்து கட்டியாக இருந்தது. நடுவில் குங்குமம். பெரிய பெட்டி, பெரிய பொட்டு என்று தாராளமாகத்தான் வைத்திருந்தேன். அக்கா நகத்தால் சுரண்டினார். சந்தனம் பெயர்ந்து விழ, அடியில் பிளாஸ்டரில் அவருடைய குண்டுக் கையெழுத்து தெரிந்தது. 12.

"சாமிக்கு வைங்க, வேணாங்கல. நம்பர் மேல வைக்காதீங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. மேசை குலுங்கியது. கிளாசில் டீ தளும்பியது. வழக்கமாகக் கடைசிப் பெட்டி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடருகிறவர், அன்று வேறு பேச்சை எடுத்தார்.

"நான் ஃபேக்டரியில இருக்கப்ப, அங்க வேலை செஞ்ச ஒரு பொம்பளப் பிள்ளை கட்டுன போர்டு நாப்பதையும் கழிச்சுப் போட்டேன். எல்லாத்துலயும் சத்தத்தோட தலை வெட்டுப்பட்டு வந்துச்சு. அந்தப் பிள்ளைய வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நாலு நாள் கழிச்சுத்தான் பாத்தேன், என் மேசையில வர்ற கரண்டே கொறச்சல். போர்டு எல்லாம் நல்ல போர்டு." அவர் சென்சரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "தேடிப் போனேன். வாடகை ரூம காலி பண்ணிட்டுப் போயிருச்சு. எந்த ஊருன்னு ஒருத்தருக்கும் தெரியல. எனக்குப் போய்ச் சொல்ல ஆள் கிடைக்கல."

பிறகு என்னைப் பார்த்தார். "உங்களுக்கு ஆள் பல்லேபொலயில இருக்காரு. பன்னெண்டு வோல்ட் அடாப்டர் நான் தேடி வைக்கிறேன். நீங்க எந்திரிங்க."

எழுந்தேன்.

பல்லேபொலயில் நானாவின் வீட்டு வாசலில் பையைக் கட்டி வைத்திருந்தார்கள். நானா முற்றத்தில் கராம்பு உலர்த்திய பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"நீங்க சொன்னது சரி நானா. முப்பத்தாறுதான் காட்டியிருக்கு. தப்பு என்னோடது. எல்லார் முன்னாலயும் பேசிட்டேன், எல்லார் முன்னாலயும் வந்து சொல்றேன்."

நானா பாயைச் சுவரில் சாய்த்தார். "யாரு சொன்னது?"

"உக்குவள அக்கா."

"அவ பாத்தாவா?"

"பாத்தாங்க."

"அப்ப எனக்கும் காட்டுங்க" என்றார்.

இரண்டு பேரும் த்ரீவீலில் உக்குவளைக்கு வந்தோம். அக்கா வீட்டு வாசலில் நானா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரத் தயங்கினார். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க நானா" என்றார். நான் நின்றேன்.

புது டீ வந்தது. முதலில் சார்ஜரைச் செருகினார். எண் முப்பத்தாறு வரை ஏறி நின்றது. நானா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்கா சென்சரை ஆறவிட்டு, எங்கிருந்தோ தேடி வைத்திருந்த பன்னிரண்டு வோல்ட் அடாப்டரைச் செருகி, டீக்குள் இறக்கினார். முப்பத்தாறு தாண்டியது. முப்பத்தொன்பது. நாற்பத்திரண்டு. நாற்பத்தைந்து என்று வந்ததும் மணி அடித்தது. சின்ன மணிதான். அந்த அறைக்குள் பெரிதாகக் கேட்டது.

நானா முன்னால் குனிந்தார். "இன்னொருக்கா" என்றார்.

அக்கா சென்சரை எடுத்து ஆறவிட்டு மறுபடி டீக்குள் விட்டார். மணி அடித்தது.

"இன்னொருக்கா."

மூன்றாம் முறை மணி அடித்தபோது நானா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சென்சரை வெளியே எடுத்து வைத்துவிட்டுக் கிளாசைக் கையில் எடுத்தார். "அது ஆறியிருக்கும், வேற ஊத்துறேன்" என்று அக்கா எழுந்தார். "இதுவே போதும் தங்கச்சி" என்று சொல்லி, ஒரே மூச்சில் குடித்து முடித்தார். தம்புள்ளைக்குப் போகக் கட்டிய பையை அன்று சாயங்காலம் நானே பிரித்து வைத்தேன். மறுநாள் கூலிக்காரர்கள் எல்லாரையும் நிற்கவைத்து, என் வாயால் சொன்னேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போய், அக்கா சொல்லிவிட்டு நான் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். ஒரு மணியை மூன்று முறை கேட்டவனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

அக்கா இப்போது உக்குவளையில் இல்லை. மகளோடு இருக்க வத்தளைக்குப் போய்விட்டார். போகும்போது கைப்பையில் மீட்டர் இருந்ததை நான் பார்த்தேன். அங்கே மகள் வீட்டுச் சுவர் பிளக்குகள் எல்லாவற்றையும் முதல் நாளே பார்த்து முடித்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சரக்குக் கருகிய அந்த வருடம் ஆயுத பூசைக்குக் கொட்டகையைக் கழுவி, தராசுக்கும் அரிவாளுக்கும் பொட்டு வைத்து முடித்து, சந்தனக் கிண்ணத்தோடு பெட்டிக்குப் பக்கத்தில் போனேன். பூசை முடியட்டும் என்று வாசலுக்கு வெளியே நின்றிருந்த சலீம் நானா அங்கிருந்தே சத்தம் போட்டார்.

"தம்பி! நம்பருக்குக் கொஞ்சம் தள்ளி!"